வேலியோரம் நின்று கேளுங்கள்: லைப்சிக்கில் தனியாக இருப்பவருக்கு ஒரு தோட்டக் குறிப்பு

ஜெர்மனியின் லைப்சிக் நகருக்குப் புதிதாக வருகிற நம் ஊர்ப் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, இங்கே கறிவேப்பிலை வருமா?" என்பதுதான். வரும். தொட்டியில் ஜன்னலோரம் வைத்துப் பார்த்துக்கொண்டால் வரும். எப்படி என்று கீழே எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொன்று இருப்பது எனக்குத் தெரியும். சாயங்காலம் வேலை முடிந்து வந்து கதவைச் சாத்தினால், மறுநாள் காலை ட்ராமில் "கொஞ்சம் வழி விடுங்கள்" என்று சொல்லும்வரை வாய் திறக்க வேலையே இருக்காது. வெள்ளிக்கிழமை வந்தால் அது திங்கள்வரை நீளும். நான் 2016இல் இங்கே ஓர் ஆய்வகத்துக்கு வேலைக்கு வந்தேன். முதல் மூன்று ஆண்டுகள் அப்படித்தான் போயின. 2019 அக்டோபரில் ஒரு சிறு தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தேன். அதற்குப் பிறகு அப்படி ஒரு சனி ஞாயிறு வந்ததில்லை.

செடி வளர்த்தால் மனசு லேசாகும் என்று எல்லாரும் சொல்வார்கள். நான் சொல்ல வருவது அதைவிடச் சின்ன விஷயம். தோட்டம் வைத்திருப்பவருக்குப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்க எப்போதும் ஏதாவது இருக்கும். ஏணி வேண்டும், விதைக்கலாமா என்று தெரிய வேண்டும், இலையில் இது என்ன புள்ளி என்று காட்ட வேண்டும். நாம் கொடுத்துப் பழகியவர்கள், கேட்கக் கூசுவோம். இந்த ஊரில் முதலில் கேளுங்கள். கொடுப்பது அப்புறம்.

குடியிருக்கும் கட்டடத்தில்

தோட்டத்துக்கு முன்னால், வீடு. ஜெர்மனியில் பெரும்பாலும் ஃபிளாட்டுக்கு எண் இருக்காது. தெருப் பெயர், கட்டட எண், அவ்வளவுதான். அழைப்புமணியிலும் தபால்பெட்டியிலும் இருக்கிற பெயரைப் பார்த்துத்தான் தபால்காரர் உங்களைக் கண்டுபிடிப்பார். அதனால் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் என்ன இருக்கிறதோ அதையே ஒட்டுங்கள். நம்மில் பலருக்கு அது அப்பாவின் பெயர். எனக்கும் அப்படித்தான். மூன்றாம் மாடியில் இருக்கும் பெரியம்மா இத்தனை ஆண்டுகளாக திருமதி என்பதுபோல் "ஃப்ராவ்" சேர்த்து என் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறார். முதலில் திருத்தலாமா என்று நினைத்தேன். இப்போது அப்பா இல்லை. தினம் ஒரு தடவை மாடிப்படியில் அவர் பெயர் காதில் விழுவது எனக்கு வேண்டியிருக்கிறது.

குடிவந்த முதல் வாரத்திலேயே எதிர்வீடு, மேல்வீடு, கீழ்வீடு மூன்றையும் தட்டுங்கள். சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழுக்குள் நல்ல நேரம், ஞாயிறு வேண்டாம். கையில் இனிப்பு தேவையில்லை. பெயரைச் சொல்லுங்கள், எந்த மாடி என்று சொல்லுங்கள், ஒரு கேள்வி கேளுங்கள். குப்பைத்தொட்டி பற்றிக் கேட்பது மிகவும் நல்லது: மஞ்சள் தொட்டியில் எது, பழுப்புத் தொட்டியில் எது, எந்தக் கிழமை வண்டி வரும். இந்தக் கேள்விக்கு எல்லாரும் பொறுமையாக, கூடவே இறங்கி வந்தும் பதில் சொல்வார்கள். பேசும்போது "ஸீ" என்ற மரியாதை வடிவத்திலேயே பேசுங்கள். "டூ" என்று பேசலாமே என்று பெரியவர்தான் சொல்ல வேண்டும். நம் ஊரில் சின்னவர் தானாக உறவு கொண்டாடி "அத்தை" என்று கூப்பிட்டுவிடலாம். இங்கே அந்த உரிமை மூத்தவரிடம் இருக்கிறது.

இன்னொன்று, சாவி. இங்கே பல வீட்டுக் கதவுகள் தானாகப் பூட்டிக்கொள்ளும். தனியாக இருப்பவர் குப்பை கொட்டப் போய் வெளியே மாட்டிக்கொண்டால் உள்ளேயிருந்து திறக்க ஆள் இல்லை. ஒரு மாற்றுச் சாவியை நம்பிக்கையான ஒரு வீட்டில் கொடுத்துவையுங்கள். "சாவியை உங்களிடம் வைக்கலாமா?" என்று கேட்பதே ஒரு பழக்கத்தைத் தொடங்கிவைக்கும். நான் கேட்டபிறகு மூன்றாம் மாடியம்மா தன் சாவியையும் எனக்குத் தந்தார். இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை அமைதி நேரம். மிக்ஸியை அதற்கு முன்னால் ஓட்டிவிடுங்கள்.

சரி, கொடுப்பதற்கு வருகிறேன். இதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்தது. நீங்கள் அதைப் படவேண்டாம் என்று எழுதுகிறேன். மூன்றாம் மாடியம்மா ஒரு பாட்டில் பிளம் ஜாம் தந்தார். எங்கள் வீட்டில் வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கமாட்டோம். நான் பாட்டிலைக் கழுவி, தக்காளித் தொக்கு நிரப்பிக் கொடுத்தேன். அடுத்து, எவர்சில்வர் டப்பாவில் கேசரி கொடுத்தேன். டப்பா பளபளவென்று துலக்கி, காலியாகத் திரும்பி வந்தது. அன்று முழுக்க மனசு கேட்கவில்லை. அம்மாவுக்கு ஃபோன் போட்டுச் சொல்ல, அம்மாவும் "அப்படியா தந்தாங்க?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். அடுத்த ஆகஸ்ட்டில் அந்தப் பெரியம்மாவே படியில் நிறுத்திக் கேட்டார்: "ஜாம் பாட்டிலை மூடியோடு திருப்பித் தருவீர்களா? இந்த ஆண்டு ஜாமுக்குப் பாட்டில் போதவில்லை." ஜாம் காய்ச்சுகிற வீட்டில் மூடி சரியாகப் பொருந்தும் பாட்டில்தான் செல்வம். அதைக் கழுவி, காயவைத்து, மூடியோடு காலியாகத் தருவதுதான் அங்கே மரியாதை. என் டப்பாவுக்கும் அவர் அந்த மரியாதையைத்தான் செய்திருக்கிறார். அதற்குப் பிறகு பாட்டில்களைக் காலியாகவே கொடுக்கிறேன். தொக்கு வேறு பாட்டிலில் போகிறது.

தோட்டம் கிடைப்பது

இங்கே ஊருக்குள்ளேயே, ரயில் பாதை ஓரமாகவும் கால்வாய் ஓரமாகவும் வேலி போட்ட சின்னச்சின்னத் தோட்டங்கள் வரிசையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதிகாரப்பூர்வமாகக் கிளைன்கார்ட்டன், பேச்சில் ஷ்ரேபர்கார்ட்டன். இந்தப் பெயர் பிறந்ததே லைப்சிக்கில்தான். 1864இல் ஹௌஷில்ட் என்ற பள்ளித் தலைமை ஆசிரியர் ஒரு சங்கம் தொடங்கி, மூன்று ஆண்டுகளுக்கு முன் இறந்திருந்த மருத்துவர் ஷ்ரேபரின் பெயரை வைத்தார். அது குழந்தைகள் விளையாடுவதற்கான திடல். பிறகு கெஸெல் என்ற ஆசிரியர் ஓரத்தில் குழந்தைகளுக்குப் பாத்தி போட்டுக்கொடுத்தார். களை பிடுங்கக் குழந்தைகள் அலுத்துக்கொள்ள, பெற்றோர் இறங்கினார்கள். பாத்தி குடும்பத் தோட்டமாயிற்று. லைப்சிக்கில் இதற்கென்று ஓர் அருங்காட்சியகமே இருக்கிறது. தோட்டம் எடுக்கும் முன் ஒருநாள் போய்ப் பாருங்கள். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர்களோடு பேச நிறையக் கிடைக்கும்.

தோட்டத்தை நகராட்சியிடமோ தரகரிடமோ தேட வேண்டாம். ஒவ்வொரு தோட்டத் தொகுதிக்கும் ஒரு சங்கம் இருக்கும், ஃபெரைன் என்பார்கள். அதன் வாசல் பலகையில் யாரைப் பார்க்க வேண்டும் என்று கண்ணாடிப் பெட்டிக்குள் ஒட்டியிருப்பார்கள். நான் மூன்று சங்கங்களில் பெயர் கொடுத்துவிட்டு, மாதம் ஒருமுறை சனிக்கிழமை நேரில் போய் நின்றேன். மின்னஞ்சலுக்குப் பதில் வராத இடத்தில் நேரில் போனதுக்கு வந்தது. வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடத்துக்குள் இருக்கிற தொகுதியை மட்டும் பாருங்கள். தள்ளி இருந்தால் ஜூலையில் தினம் தண்ணீர் ஊற்றப் போகமாட்டீர்கள், செடி வாடும், பேச்சும் வாடும்.

தோட்டத்துக்கு இரண்டு செலவு. முன்னால் இருந்தவரின் மரம், குடிசை, வேலி எல்லாவற்றுக்கும் மதிப்புப் போட்டு ஒரு தொகை. நான் கொடுத்தது 1,800 யூரோ. அப்புறம் ஆண்டுக் குத்தகை, சங்கச் சந்தா, தண்ணீர். எனக்கு எல்லாம் சேர்த்து 300 யூரோவைத் தாண்டியதில்லை. இதற்கென்று 1983லிருந்து தனிச் சட்டமே நடப்பில் இருக்கிறது. அதன்படி ஒரு தோட்டம் 400 சதுர மீட்டருக்கு மேல் போகக் கூடாது. குடிசை, திண்ணையோடு சேர்த்து 24 சதுர மீட்டருக்குள் இருக்க வேண்டும், அதில் குடியிருக்கக் கூடாது. என்னுடையது 210 சதுர மீட்டர். ஒரு ஆளுக்கு அதுவே அதிகம். தனியாக இருப்பவர் 200க்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

நிலத்தில் மூன்றில் ஒரு பங்காவது காய்கனி போட வேண்டும் என்பது உச்சநீதிமன்றம் வரை போய் 2004இல் உறுதியான விஷயம். நமக்கு அது பாரமே இல்லை. புல்தரையும் பூவும் மட்டும் வைப்பவர்களைத்தான் சங்கத்தில் கேட்பார்கள். வேலிச்செடி எவ்வளவு உயரம், எந்த மரம் வைக்கலாம் என்பதைச் சங்கத்து விதிப் புத்தகத்தில் பாருங்கள். எங்கள் சங்கத்தில் பாதையோர வேலிச்செடி 1.25 மீட்டர்தான். நடந்துபோகிறவர் உள்ளே பார்த்து வணக்கம் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் அந்த உயரம் என்று எங்கள் சங்கத் தலைவர் சொன்னார். நம் ஊரில் வேலியை மறைப்பதற்குப் போடுவோம். இங்கே தோளுக்கு மேல் எட்டாத வேலி எனக்குப் பெரிய உதவி செய்தது.

என்ன போடலாம்

ஒட்டன்சத்திரம் பக்கம் முருங்கையும் தக்காளியும் போட்ட வீட்டுப் பெண் நான். அதனால் எல்லாம் தெரியும் என்று வந்தேன். முதல் ஆண்டு அவரை போட்டேன். கொடி பந்தலைத் தாண்டிப் போய்க் குடிசைக் கூரையில் ஏறியது. பூ மட்டும் வரவில்லை. செப்டம்பர் கடைசியில் பூத்தது, அக்டோபர் பனியில் கருகியது. அவரை பகல் குறைந்தால்தான் பூக்கும் செடி. நாட்டு வகைகள் பெரும்பாலும் அப்படித்தான். இங்கே ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கிறதே, அதற்குப் பூக்கும் காலம் வந்ததே தெரியாது. நம் ஊர் விதை இங்கே குளிரால் மட்டும் தோற்பதில்லை, வெளிச்சத்தாலும் தோற்கும். அவரைக்குப் பதில் இந்த ஊர்ச் செம்பூ பீன்ஸ், ஃபொயர்போனே என்பார்கள், போடுங்கள். அதைப் பச்சையாகத் தின்னக் கூடாது. நன்றாக வேகவைத்துப் பொரியல் செய்யுங்கள்.

விதையையோ செடியையோ ஊரிலிருந்து பெட்டியில் போட்டுக்கொண்டு வராதீர்கள். 2019 டிசம்பரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் செடி, விதை கொண்டுவரத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பம். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் தங்கும். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், பிறர் மரத்துக்கு நாம் நோய் கொண்டுவரக் கூடாது. கறிவேப்பிலைக் கன்று இங்குள்ள நர்சரிகளிலேயே கிடைக்கும். கொத்தமல்லிக்கும் வெந்தயத்துக்கும் இங்கே மளிகைக் கடையில் விற்கும் தானியமே முளைக்கும்.

வெந்தயக்கீரைதான் ஆரம்பத்துக்கு நல்லது. ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை எப்போது தூவினாலும் சில நாளில் முளைக்கும், ஒரு மாதத்தில் அறுக்கலாம். கொத்தமல்லியை ஏப்ரலிலோ ஆகஸ்ட்டிலோ தூவுங்கள். ஜூனில் தூவினால் நீண்ட பகலுக்கு உடனே பூவெடுத்துவிடும், இலை கிடைக்காது. தண்டுக்கீரை மே கடைசியில், மண் கைக்கு வெதுவெதுப்பாக இருக்கும்போது, மணலோடு கலந்து தூவ வேண்டும். மங்கோல்ட் என்ற கீரை ஒருமுறை போட்டால் பனி வரும்வரை வெட்டிக்கொண்டே இருக்கலாம். பருப்போடு கடைந்தால் நம் கீரை மாதிரியே இருக்கும். ஹொக்கைடோ பூசணியைத் தோலோடு சமைக்கலாம். பூண்டை அக்டோபரில் ஊன்றி ஜூலையில் பிடுங்க வேண்டும்.

தக்காளி விஷயத்தில் அவசரப்படாதீர்கள். மார்ச் நடுவில் ஜன்னலோரம் விதையுங்கள். நாற்றை வெளியே நடுவது மே 15க்கு அப்புறம். மே 11 முதல் 15 வரை வரும் புனிதர் நாட்களை இங்கே பனிப் புனிதர்கள் என்பார்கள். கடைசி நாள் குளிர் ஸோஃபி. அதுவரை ஒரு இரவுப் பனி விழலாம் என்பது கணக்கு. முதல் ஆண்டு மே முதல் வாரம் வெயில் நன்றாக அடித்ததால் பதினாறு நாற்றை நட்டுவிட்டேன். வலப்பக்கத் தோட்டத்துப் பெரியவர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். "ஸோஃபி இன்னும் வரவில்லையே" என்றார். யாரோ விருந்தாளியைக் கேட்கிறார் என்று நினைத்தேன். அவர் போய்ப் பழைய போர்வையும் நாலு வாளியும் கொண்டுவந்து, எப்படிக் கவிழ்ப்பது என்று காட்டினார். இரண்டு இரவு கழித்துப் பனி விழுந்தது. பதினாறும் பிழைத்தன. தக்காளிக்கு மேலே மழை படாமல் ஒரு கூரையும் போடுங்கள். இலை நனைந்து நனைந்து இருந்தால் கருகல் நோய் வந்து ஒரே வாரத்தில் எல்லாம் போய்விடும்.

வெள்ளரிபோல் இருக்கும் சுக்கினி என்ற காயைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆகஸ்ட்டில் எல்லாத் தோட்டத்திலும் அது குவியும்; வாசலில் கூடையில் வைத்து "இலவசம்" என்று எழுதிவைப்பார்கள். கூட்டு வைக்க நன்றாக இருக்கும். ஆனால் சமைக்கும் முன் பச்சையாக ஒரு துளி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் எறியுங்கள். அலங்காரப் பூசணியோடு மகரந்தம் கலந்து, அடுத்த ஆண்டு அந்த விதையைப் போட்டால் விஷக் கசப்பு வரும், வேகவைத்தாலும் போகாது. 2015இல் இந்த நாட்டில் ஒருவர் இப்படி இறந்திருக்கிறார். பாகற்காய் தின்று வளர்ந்த நமக்குக் கசப்பு பழகிப்போனது என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். பாகல் கசப்பு வேறு. கசக்கும் சுரைக்காயை ஊரில் எறிந்துவிடுவோமே, அந்த வகை இது.

ஏப்ரலில் லைப்சிக்கின் ஆற்றோரக் காடு முழுக்கப் பூண்டு வாசம் அடிக்கும். பேர்லௌக் என்ற காட்டுப் பூண்டிலை. தேங்காயும் மிளகாயும் வைத்துத் துவையல் அரைத்தால் இரண்டு தட்டுச் சோறு போகும். இயற்கைக் காப்புப் பகுதிகளில் பறிக்கக் கூடாது. மற்ற இடத்தில் வீட்டுக்கு ஒரு கைப்பிடி. முதல் தடவை தெரிந்த ஒருவரோடுதான் போக வேண்டும். மைக்ளோக்ஷன் என்ற விஷச்செடியின் இலை அச்சு அசலாக இதைப்போல் இருக்கும். வாசம் பார்ப்பது முதல் இலைக்கு மட்டும் சரி. அப்புறம் விரலிலேயே பூண்டு வாசம் ஏறிவிடும், எதைத் தொட்டாலும் மணக்கும். பேர்லௌக்கில் ஒவ்வொரு இலையும் தனித்தனிக் காம்போடு மண்ணிலிருந்து வரும். விஷச்செடியில் இரண்டு இலை ஒரே தண்டில். எனக்கு இதைக் காட்டித் தந்தவர் இடப்பக்கத் தோட்டத்து அக்கா. நானே கேட்டேன், ஒரு ஞாயிறு முழுவதையும் எனக்காகக் கொடுத்தார்.

கறிவேப்பிலை, முருங்கை இரண்டும் தொட்டியில்தான். முருங்கையில் காய் எதிர்பார்க்காதீர்கள், கீரை கிடைக்கும். ஜூனில் வெளியே வையுங்கள், செப்டம்பரில் இரவு பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும்போது உள்ளே கொண்டுவாருங்கள். முருங்கையை இரண்டடிக்கு வெட்டி, குளிர்ச்சியான வெளிச்ச அறையில், ஏறக்குறையத் தண்ணீர் இல்லாமல் தூங்கவிடுங்கள். கறிவேப்பிலை தெற்கு ஜன்னலில் இருக்கட்டும், ஆனால் ஹீட்டருக்கு நேர் மேலே வேண்டாம். குளிர்காலத்தில் இலை உதிரும். பதறித் தண்ணீர் ஊற்றினால்தான் வேர் அழுகிச் சாகும். மேல்மண் நன்றாகக் காய்ந்தபிறகு ஒரு டம்ளர். என் முதல் இரண்டு செடிகள் போனது தண்ணீர் மிகுந்துதான்.

வேலிக்கு அந்தப் பக்கம்

இந்தப் பகுதியில் "நு" என்றால் "ஆமாம்". சாக்சனிப் பேச்சு. புத்தகத்தில் படித்த ஜெர்மனோடு வந்தவருக்கு அது "இல்லை" போலக் கேட்கும். "இந்தக் கிளையில் ஒரு குச்சி வெட்டிக்கொள்ளட்டுமா?" என்று வலப்பக்கத்துப் பெரியவரிடம் கேட்டேன். "நு, நு" என்றார். நான் கத்தரியை மடக்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். மறுநாள் அவரே குச்சிகளை வெட்டி ஈரத்துணியில் சுற்றி வேலியில் வைத்திருந்தார்.

அவர் கிழக்கு ஜெர்மனிக் காலத்திலிருந்து அதே தோட்டத்தில் இருக்கிறார். அப்போது தோட்டத்துப் பழத்தை அரசுக் கொள்முதல் நிலையத்தில் கொடுத்தால், கடையில் விற்பதைவிடக் கூடுதல் விலை கிடைக்குமாம். இரண்டு விலையும் அரசு மானியத்தில் நின்றவை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் விடியற்காலை தக்காளிப் பெட்டியோடு நின்று, விலை இறங்கியதைக் கேட்டு அப்பா திரும்பி வந்ததை நான் சொன்னேன். "ஒரு பெட்டி எத்தனை கிலோ?" என்றுதான் முதலில் கேட்டார். அன்றைக்கு நாங்கள் இரண்டு மணி நேரம் விலை பேசினோம். எந்த ஊரிலிருந்து வந்தாய், ஏன் வந்தாய் என்று யாரும் கேட்காமல், பெட்டி எத்தனை கிலோ என்று கேட்டது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

சத்தம் விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். ஞாயிறும் விடுமுறை நாளும் புல்வெட்டும் இயந்திரம் ஓட்டக் கூடாது. எங்கள் சங்கத்தில் தினமும் மதியம் ஒன்று முதல் மூன்று வரையும் இயந்திரம், சுத்தியல் எதுவும் கிடையாது. மார்ச் 1 முதல் செப்டம்பர் 30 வரை வேலிச்செடியை அடியோடு வெட்டக் கூடாது, பறவை கூடு கட்டும் காலம். அந்த ஆண்டுத் தளிரை மட்டும் லேசாகக் கத்தரிக்கலாம். வாசமும் இதில் சேர்த்திதான். பிரென்னெஸல் என்று நம் காஞ்சொறிபோல் தொட்டால் எரியும் செடி ஒன்று இருக்கிறது. ஒரு கிலோ இலையைப் பத்து லிட்டர் தண்ணீரில் இரண்டு வாரம் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் கலந்து ஊற்றினால் தக்காளி கருகருவென்று வளரும். ஆனால் ஊறும்போது நாறும். பக்கத்துத் தோட்டக்காரர் காப்பி குடிக்கிற மேசைக்குத் தள்ளி, மூடி போட்டு வையுங்கள். ஊற்றப் போகிற நாளை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எங்கள் சங்கத்தில் ஆண்டுக்கு எட்டு மணி நேரம் பொதுவேலை உண்டு. பாதை சரிசெய்வது, குழாய் பார்ப்பது, இலை அள்ளுவது. வராதவர் பணம் கட்டலாம். பணம் கட்டாதீர்கள், போங்கள். ஆறு ஞாயிறு வேலியில் நின்று பேசுவதைவிட, ஒருவரோடு சேர்ந்து ஒரு சக்கரவண்டி மண் தள்ளினால் அதிகம் பழகலாம். இடைவேளையில் எல்லாரும் கொண்டுவந்ததை மேசையில் வைப்பார்கள். அங்கே எலுமிச்சைச் சாதம் கொண்டுபோங்கள்; கொடுப்பதற்கு அதுதான் நல்ல இடம். தனி ஒருவருக்குக் கொடுத்தால் திருப்பித் தர வேண்டுமே என்று அவருக்கு நெருக்கடி. பொது மேசையில் அது இல்லை. யாருக்காவது பிறந்தநாள் என்றால் மட்டும், அந்த நாளுக்கு முன்னால் வாழ்த்திவிடாதீர்கள். இங்கே அது கெட்ட சகுனம்.

தனியாக இருப்பவருக்கு நான் சொல்வதில் முக்கியமானது இது. 2021 ஜூலையில் புளிப்புச் செர்ரி பறிக்க ஏணியில் ஏறி, கால் தவறி விழுந்தேன். கணுக்கால் பிசகிவிட்டது. ஃபோன் குடிசைக்குள். கூப்பிடக் கூச்சப்பட்டு கால் மணி நேரம் புல்லிலேயே உட்கார்ந்திருந்தேன். அதை இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது. இடப்பக்கத்து அக்காதான் வந்தார். என் தண்ணீர்க் குழாய் மூடப்படாமல் ஓடும் சத்தம் கேட்டதாம். "நீங்கள் தண்ணீரை வீணாக்குகிறவர் இல்லையே" என்றார். அன்றிலிருந்து மூன்று தோட்டத்துக்கும் ஒரு ஏற்பாடு. உள்ளே இருந்தால் வாசல் கதவு திறந்திருக்கும், போகும்போது சாத்துவோம். இருட்டின பிறகும் கதவு திறந்திருந்தால் யாராவது எட்டிப் பார்ப்போம். ஏணி ஏறும் முன் பக்கத்தில் சொல்லிவிட்டு ஏறுவோம். நீங்களும் முதல் மாதமே இதைக் கேட்டு ஏற்பாடு செய்யுங்கள். ஃபோனைப் பையிலேயே வைத்திருங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 112. அவ்வளவு இல்லை, ஆனால் டாக்டர்களின் கிளினிக்குகள் மூடிய நேரத்தில் டாக்டர் வேண்டும் என்றால் 116117.

குளிர் வரும்போது

அக்டோபர் கடைசியில் சங்கத்தில் தண்ணீரை நிறுத்துவார்கள். உறைந்தால் குழாய் வெடிக்கும். அதற்கு முன் மழைநீர்ப் பீப்பாயைக் காலி செய்து கவிழ்த்துவிடுங்கள். குழாய்களைத் திறந்தே விடுங்கள். பூண்டு ஊன்றி, பாத்தியை இலையால் மூடுங்கள். குடிசையில் மதிப்புள்ள எதையும் விட்டுவைக்க வேண்டாம். நவம்பர் முதல் மார்ச் வரை தோட்டத்தில் வேலை குறைவு, பேச்சும் குறையும். அந்த மாதங்களைத்தான் தனியாக இருப்பவர் தாண்ட வேண்டும். எங்கள் வரிசையில் ஜனவரியில் விதை மாற்றிக்கொள்ள ஒரு சாயங்காலம் வைக்கிறோம். நான்தான் கேட்டுத் தொடங்கியது. இந்த முறை அது பிப்ரவரியில்.

ஏனென்றால் ஜனவரியில் நான் ஊருக்குப் போகிறேன். கறிவேப்பிலைத் தொட்டி மூன்றாம் மாடிக்குப் போயாயிற்று. தொட்டியில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: இரண்டு வாரத்துக்கு ஒரு டம்ளர், மண் ஈரமாக இருந்தால் அதுவும் வேண்டாம், இலை உதிர்ந்தால் கவலைப்படாதீர்கள். டம்ளர் என்றால் எவ்வளவு என்று அந்தப் பெரியம்மா கேட்டார். என் எவர்சில்வர் டம்ளரையே பக்கத்தில் வைத்துவிட்டேன். அவருடைய ஜாம் பாட்டில்கள் ஆறையும் கழுவிக் காயவைத்து, மூடியோடு அவர் வாசலில் அடுக்கியிருக்கிறேன்.